சிங்கப்பூர் – போர்ட் கிள்ளான் – பினாங்கு – பூக்கெட் கப்பல் பயணம்: கரையிறங்கும் நாளுக்கான முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் ஏறி, மலாக்கா நீரிணை வழியாக வடக்கே போய், நான்கைந்து இரவு கழித்துச் சிங்கப்பூரிலேயே இறக்கிவிடும் கப்பல்கள் இப்போது தமிழ்க் குடும்பங்களுக்கு நன்றாகப் பழகிவிட்டன. தாத்தா பாட்டி முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை எல்லோரையும் அலைய விடாமல் கூட்டிப்போக இதைவிட வசதியான வழி குறைவு. கப்பலுக்குள் பொழுது தானாகவே போய்விடும். காசும் நேரமும் வீணாவது கரையில்தான். எட்டு மணி நேரம் நிற்கும் கப்பலிலிருந்து இறங்கி, இரண்டு மணி நேரத்தை வரிசையிலும் மூன்று மணி நேரத்தைப் பேருந்திலும் தொலைத்துவிட்டு, ஒரு கோயில் வாசலில் படம் எடுத்துக்கொண்டு ஓடி வருகிறவர்கள் ஏராளம். முன்கூட்டியே ஒரு மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டால் இது நடக்காது. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது, ஒவ்வொரு துறைமுகத்திலும் எது சாத்தியம், எது பேராசை என்பதைக் கீழே பார்க்கலாம்.

பணம் கட்டும் முன்பு அட்டவணையில் பார்க்க வேண்டியவை

அட்டவணையில் ஊர் பெயர் மட்டும் பெரிதாக இருக்கும். நீங்கள் தேட வேண்டியது மூன்று விவரங்கள்: கப்பல் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, துறையில் கட்டுகிறதா அல்லது கடலில் நங்கூரம் போடுகிறதா, துறையிலிருந்து ஊர் எவ்வளவு தூரம்.

'கோலாலம்பூர்' என்று போட்டிருந்தால் அது போர்ட் கிள்ளான். பயணிகள் கப்பல் நிற்கும் முனையம் புலாவ் இண்டாவில் இருக்கிறது. அங்கிருந்து கோலாலம்பூர் நகரம் ஏறத்தாழ 55 முதல் 60 கிலோமீட்டர். 'பினாங்கு' என்றால் ஜார்ஜ் டவுனின் சுவெட்டன்ஹாம் துறை. இறங்கினால் ஊரே காலடியில். 'பூக்கெட்' என்றால் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பாத்தோங் விரிகுடாவில் நங்கூரம் போடும்; கரைக்குப் படகில்தான் போக வேண்டும். இப்படிப் படகில் கரை சேர்ப்பதை டெண்டர் என்பார்கள்.

பருவமும் முக்கியம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தமான் கடல் பக்கம் அலையைக் கிளப்பும். பாத்தோங் மேற்குப் பார்த்த விரிகுடா என்பதால் அந்த அலை நேராக உள்ளே வரும். டெண்டர் படகு ஆட்டம் அதிகமானால் கேப்டன் இறக்கிவிட மாட்டார். பூக்கெட் ரத்தாகி, அன்று முழுக்கக் கடலிலேயே இருப்பீர்கள். நம்மூர்ப் பள்ளி விடுமுறையை ஒட்டி மே கடைசியில் போகிறவர்கள் இந்த ஆபத்தைத் தெரிந்தே போக வேண்டும். பூக்கெட்டுக்காகவே போகிறீர்கள் என்றால் டிசம்பர் முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். போர்ட் கிள்ளானுக்கும் பினாங்குக்கும் இந்தக் கவலை குறைவு. சுமத்ரா தீவு மேற்கே தடுப்புச் சுவர்போல நிற்பதால் நீரிணை பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும்.

கர்ப்பிணிகளும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் பணம் கட்டும் முன்பே விதியைக் கேட்டுவிடுங்கள். பல நிறுவனங்கள் 24 வாரத்தை எட்டிய கர்ப்பிணிகளையும் ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளையும் ஏற்றுவதில்லை. இதைத் துறைமுகக் கவுண்டரில் தெரிந்துகொள்வது கொடுமை.

விசாவும் வருகை அட்டைகளும்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். விமானத்தில் வந்து இறங்குவது ஒரு நுழைவு. கப்பல் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து இறங்குவது இன்னொரு நுழைவு. அதனால் பலமுறை நுழையும் விசாவா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். விசா முடியும் தேதி, கப்பல் திரும்பும் தேதிக்குப் பிறகு இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி மிச்சம் இருக்க வேண்டும்.

மலேசியாவும் தாய்லாந்தும் இந்தியர்களுக்கு விசா விலக்கு கொடுத்து வந்திருக்கின்றன. ஆனால் இந்தச் சலுகைகள் காலக்கெடு வைத்து வருபவை. பதிவு செய்யும்போது ஒரு முறை, கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது இன்னொரு முறை அரசுத் தளத்தில் பாருங்கள். ஒரு துறைமுகத்தில் இறங்கப் போவதில்லை என்றாலும் அந்த நாட்டின் விசா விதி உங்களுக்குப் பொருந்தும். ஆவணம் இல்லாவிட்டால் சிங்கப்பூரிலேயே ஏற்ற மாட்டார்கள்.

டிஜிட்டல் வருகை அட்டைகள் தனி. சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு, மலேசியாவுக்கு எம்டிஏசி, தாய்லாந்துக்கு டிடிஏசி. மூன்றையும் அந்தந்த நாட்டுக்குள் போகும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பும்படி வைத்திருக்கிறார்கள். உங்கள் பயணத்துக்கு எது வேண்டும், எதைக் கப்பலே பார்த்துக்கொள்ளும் என்பதைக் கப்பல் நிறுவனம் அனுப்பும் மின்னஞ்சலில் பாருங்கள். இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, கூகுளில் முதலில் வரும் போலித் தளத்தில் காசு கட்டுவது. மூன்றுமே அரசுத் தளங்களில் இலவசம். இரண்டாவது, கப்பல் சிங்கப்பூர் திரும்பும்போது மறுபடி எஸ்ஜி அரைவல் கார்டு நிரப்ப வேண்டும் என்பதை மறப்பது. கடலில் இணையம் விலை அதிகம். அதனால் கடைசித் துறைமுகத்தில் கரையில் இருக்கும்போதே நிரப்பி, திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறும் நாள்

சிங்கப்பூரில் இரண்டு முனையங்கள். மரினா பே குரூஸ் சென்டருக்குப் பக்கத்து எம்ஆர்டி நிலையம் மரினா சவுத் பியர். சிங்கப்பூர் குரூஸ் சென்டர் இருப்பது ஹார்பர்ஃப்ரன்டில். டாக்சிக்காரரிடம் 'குரூஸ் சென்டர்' என்று மட்டும் சொன்னால் தவறான இடத்தில் இறங்க நேரிடும். டிக்கெட்டில் இருக்கும் முனையத்தின் முழுப் பெயரைக் காட்டுங்கள்.

பெரிய பெட்டிகளைக் கவுண்டரில் கொடுத்துவிட்டால் மாலைக்குள் கேபின் வாசலுக்கு வந்துவிடும். அதுவரை தேவைப்படும் பாஸ்போர்ட், மாத்திரை, குழந்தைக்கு மாற்றுடை, நீச்சல் உடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப்பெட்டி, மின்கெட்டில், குட்டி ரைஸ் குக்கர் எதுவும் எடுத்துப்போக வேண்டாம். தீ அபாயம் என்று ஸ்கேனரில் பிடித்து வைத்துக்கொண்டு, பயணம் முடியும்போதுதான் தருவார்கள். அவற்றை வைத்த பயணப்பெட்டி கேபினுக்கு வராமல் பாதுகாப்பு அறையில் கிடக்கும். இரவு பத்து மணிக்குத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

கப்பலில் செலவெல்லாம் கேபின் அட்டையில்தான் ஏறும். அதோடு உங்கள் வங்கி அட்டையை இணைக்கச் சொல்வார்கள். டெபிட் கார்டு கொடுக்காதீர்கள். தினமும் ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள். பயணம் முடிந்து பல நாள் கழித்துத்தான் அது விடுபடும். அதற்குள் ஊர் சுற்ற வைத்திருந்த பணம் முடங்கிவிடும். கிரெடிட் கார்டு கொடுங்கள், இல்லையென்றால் ரொக்க முன்பணம் கட்டுங்கள்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் 'காலை 9 – மாலை 6' என்று இருந்தால் கையில் ஒன்பது மணி நேரம் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் இருப்பது ஆறு மணி நேரத்துக்கும் குறைவு.

1. கிளம்பும் நேரம் மாலை 6:00. எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம், அதாவது ஆல் அபோர்ட், அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. 5:00 என்று வைத்துக்கொள்வோம். சரியான நேரம் முந்தின இரவு கேபினுக்கு வரும் நாள்தாளிலோ (மறுநாள் நிகழ்ச்சித் தாள்) கப்பலின் செயலியிலோ கேங்வே எனும் இறங்குபாதை வாசலில் வைத்திருக்கும் பலகையிலோ இருக்கும். பலகையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.
2. அதிலிருந்து ஒரு மணி நேரம் கழியுங்கள். 4:00 மணிக்குத் துறை வாசலில் நிற்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் போக்குவரத்து நெரிசலுக்கும் மழைக்கும் முனையத்தின் பாதுகாப்பு வரிசைக்கும்.
3. போன இடத்திலிருந்து துறைக்குத் திரும்பும் நேரத்தைக் கழியுங்கள். கூகுள் வரைபடம் காட்டுவதோடு பாதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 40 நிமிடம் என்றால் ஒரு மணி நேரம். ஆக, 3:00 மணிக்கு அங்கிருந்து கிளம்பியாக வேண்டும்.
4. இப்போது முன்பக்கம். 9:00 மணிக்குக் கப்பல் கட்டினாலும் குடிநுழைவு அனுமதி வந்து கதவு திறக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். வரிசையும் சேர்த்தால் 10:15க்குக் கரையில் கால் வைப்பீர்கள்.
5. போகும் பயணம் ஒரு மணி நேரம். 11:15க்குப் போய்ச் சேர்ந்து 3:00க்குக் கிளம்பினால், பார்க்கவும் சாப்பிடவும் கையில் இருப்பது மூன்றே முக்கால் மணி நேரம்.

இந்த மூன்றே முக்கால் மணி நேரத்தில் இரண்டு இடம் போகலாம். மூன்றாவதைச் சேர்த்தால் மூன்றையும் சரியாகப் பார்க்க மாட்டீர்கள். முதியவர்களும் குழந்தைகளும் கூட இருந்தால் ஒரு இடமும் ஒரு நல்ல சாப்பாடும் போதும்.

போன் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஒரே நேரம். தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். கப்பலோ பல பயணங்களில் சிங்கப்பூர் நேரத்தையே வைத்துக்கொண்டு ஓடும். பூக்கெட் கரையில் உங்கள் போன் அங்குள்ள டவரைப் பிடித்ததும் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். ஆல் அபோர்ட் 5:00 என்று பலகையில் இருக்கும். உங்கள் போனில் 4:10 தான் காட்டும். சாவகாசமாக இளநீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள். கப்பல் கடிகாரத்தில் அப்போது 5:10.

இதற்கு வழி எளிது. போன் அமைப்பில் தேதி, நேரம் என்ற பகுதிக்குப் போய், தானாக மாறும் வசதியை அணைத்துவிட்டு, நேர மண்டலமாகச் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் எல்லோருடைய போனிலும் முதல் நாளே செய்துவிடுங்கள். கப்பலே கடிகாரத்தை மாற்றுவதாக அறிவித்தால் மட்டும் நீங்களும் மாற்றுங்கள். கையில் ஒரு சாதாரண முள் கடிகாரம் கட்டிக்கொள்வது இன்னும் நல்லது. அது எந்த டவரையும் பிடிக்காது.

இன்னொன்று: கடலில் போகும்போது போனை விமானப் பயன்முறையில் வையுங்கள். கப்பலுக்கென்று தனி மொபைல் நெட்வொர்க் உண்டு. நம் சிம் அதைத் தானாகப் பிடித்துக்கொண்டால் வழக்கமான ரோமிங் பேக் அதற்குச் செல்லாது. பில் வந்த பிறகுதான் தெரியும்.

கப்பல் சுற்றுலாவா, சொந்த ஏற்பாடா?

கப்பல் விற்கும் கரைச்சுற்றுலாவின் உண்மையான மதிப்பு வழிகாட்டியிலோ பேருந்திலோ இல்லை. அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் அதற்காகக் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்குத் தன் செலவில் கொண்டுபோய்ச் சேர்க்கும். துறைமுகம் ரத்தானால் பணமும் திரும்ப வரும். நீங்களே பிடித்த டாக்சி தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

ஆகவே துறைமுகத்துக்குத் துறைமுகம் முடிவு மாறும். பினாங்கில் கப்பல் சுற்றுலா வாங்குவது வீண் செலவு. போர்ட் கிள்ளானிலிருந்து பத்துமலைக்கோ கோலாலம்பூருக்கோ போவதானால் வாங்கலாம். நான்கைந்து பேராக இருந்தால் முழுநாள் வண்டி பேசிக்கொள்வது மலிவு. பூக்கெட்டில் தீவுகளுக்குப் போவதானால் கட்டாயம் கப்பல் மூலமாகத்தான் போக வேண்டும்.

வாங்கும் முன் விவரத்தை வரி வரியாகப் படியுங்கள். 'பனோரமிக்' என்று இருந்தால் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பது என்று பொருள். இறங்க விட மாட்டார்கள். 'போட்டோ ஸ்டாப்' என்றால் பத்துப் பதினைந்து நிமிடம். 'ஷாப்பிங்' என்று ஒரு வரி இருந்தால் நகைக்கடையிலோ மெத்தைக் கடையிலோ அரை மணியாவது போகும். சொல்லப்படும் மொத்த நேரம் துறையில் கூடும் நிமிடத்திலிருந்து கணக்கு. பேருந்து நேரமும் அதற்குள்தான்.

பினாங்கு: வாடகை வண்டி இல்லாமல் ஒரு நாள்

மூன்று துறைமுகங்களில் சுகமானது இதுதான். துறை வாசலிலிருந்து ஐந்து நிமிட நடையில் விக்டோரியா ஜூபிலி மணிக்கூண்டு. அரசியின் 60 ஆண்டு ஆட்சியைக் குறிக்க ஆண்டுக்கு ஓர் அடி வீதம் 60 அடி உயரத்தில் கட்டியது. உற்றுப் பார்த்தால் சற்றே சாய்ந்திருப்பது தெரியும். பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை. 1786இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய இடம் இது. வாசலில் டாக்சிக்காரர்கள் 'எல்லாம் ரொம்ப தூரம்' என்பார்கள்; நம்ப வேண்டாம்.

மணிக்கூண்டிலிருந்து பீச் ஸ்ட்ரீட் வழியே தெற்கே நடந்து, வலப்பக்கம் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் திரும்பினால் லிட்டில் இந்தியா. தெருப்பலகையில் லெபூ பாசார் என்று இருக்கும்; லெபூ என்றால் தெரு. பூக்கடை, பித்தளைப் பாத்திரக் கடை, சேலைக்கடை, ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டு எல்லாம் இருக்கும். குவீன் ஸ்ட்ரீட்டில் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில், 1833இல் எழுந்தது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். அதனால் இறங்கியதும் முதலில் இங்கே வந்துவிடுங்கள், மற்றவையெல்லாம் காத்திருக்கும்.

கோயிலிலிருந்து அடுத்த தெருவுக்குப் போனால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தெரு. ஒரே தெருவில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் இன் கோயில், தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய பள்ளிவாசல் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. அருகே சூலியா ஸ்ட்ரீட்டும் கிங் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் முனையில் நாகூர் தர்கா. சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியாக்கள் எனும் தமிழ் முஸ்லிம்களின் பெயர்தான் அந்தத் தெருவுக்கு. ஊரிலிருந்து போகிறவர்கள் பத்து நிமிடமாவது நின்று பார்க்க வேண்டிய முனை.

அங்கிருந்து ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தால் 2012இல் எர்னஸ்ட் சக்கரேவிக் வரைந்த சைக்கிள் குழந்தைகள் சுவரோவியம். படம் எடுக்க வரிசை நிற்கும். அருகில் கூ கொங்சி குலக்கோயில், நுழைவுக்கட்டணம் உண்டு, கொடுத்துப் பார்க்கத் தகுந்தது. முடிவில் கடலை ஒட்டிய வெல்ட் கீயில் சியூ ஜெட்டி. மரக்கால்கள் மேல் நிற்கும் சீனர் வீடுகள். மக்கள் இன்னும் குடியிருக்கிறார்கள். வீட்டுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள். பிறகு வெல்ட் கீ வழியே நேராக வடக்கே நடந்தால் கப்பல் தெரியும். மொத்தச் சுற்று நான்கைந்து கிலோமீட்டர். சாப்பாட்டோடு ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதைகள் நிழல் தரும். ஆனால் கடைக்குக் கடை தரை உயரம் மாறும், திடீரென்று ஒரு படி வரும், ஓரத்தில் மூடாத வடிகால் இருக்கும். சக்கர நாற்காலிக்கு ஏற்றதல்ல. முட்டி வலி உள்ளவர்களுக்கு மணிக்கூண்டு அருகிலிருந்து டிரைஷா எனும் சைக்கிள் ரிக்‌ஷா பிடித்துக்கொள்ளலாம். ஏறும் முன் எத்தனை நேரம், மொத்தம் எவ்வளவு ரிங்கிட் என்று இரண்டையும் பேசிவிடுங்கள்.

பினாங்கு மலைக்கும் போக வேண்டும் என்பார்கள் சிலர். ஆயர் ஈத்தாம் அடிவாரம் ஊரிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர். 1923இல் திறந்த மலை ரயில், இப்போது பத்து நிமிடத்துக்குள் மேலே கொண்டுபோய்விடும். உச்சியில் முருகன் கோயில்கூட உண்டு. சிக்கல் வரிசையில்தான். வார இறுதியிலும் மலேசியப் பள்ளி விடுமுறையிலும் ஏறவும் இறங்கவும் தனித்தனியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க நேரிடும். கப்பல் மாலை ஏழு மணிக்குப் பிறகு கிளம்பினால், அதுவும் வார நாளாக இருந்தால் மட்டும் போங்கள். அப்படியானால் மலைக்கு முதலில் போய்விட்டு ஊரைப் பிறகு பாருங்கள். அடிவாரத்துக்கு ஜெட்டி பேருந்து நிலையத்திலிருந்து 204 எண் ராப்பிட் பினாங்கு பேருந்து போகிறது. நேரம் குறைவென்றால் கிராப் செயலியில் அழைக்கும் வாடகைக் கார்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. நாசி கண்டார் எனும் சோறும் குழம்பும் தமிழ் முஸ்லிம்களின் கைவண்ணம். அசைவர்கள் தவறவிடக் கூடாது. சைவர்கள் லிட்டில் இந்தியாவிலேயே சாப்பிட்டுக்கொள்வது நிம்மதி. சீன, மலாய்க் கடைகளில் 'காய்கறிதான்' என்று தரும் கீரைப் பொரியலில் பெலாச்சான் எனும் இறால் விழுது இருக்கும். 'காய்கறியா?' என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். 'பெலாச்சான் போடாமல் தருவீர்களா?' என்று கேளுங்கள்.

போர்ட் கிள்ளான்: தூரத்துக்கு மரியாதை கொடுங்கள்

முனையத்தைச் சுற்றி ஊரே கிடையாது. கிள்ளான் துறைமுக ரயில் நிலையமும் நடக்கும் தூரத்தில் இல்லை. ரயிலில் மலிவாகப் போகலாம் என்று திட்டமிடுகிறவர்கள் முதலில் நிலையத்துக்கே ஒரு கார் பிடிக்க வேண்டியிருக்கும். பிறகு ரயிலுக்காகக் காத்திருப்பு, பத்துமலைக்குப் போவதானால் வழித்தட மாற்றம். ஒரு நாள் பயணிக்கு இது ஒத்துவராது.

பத்துமலைக்குப் போக ஒன்றேகால் மணி நேரமும் திரும்ப ஒன்றரை மணி நேரமும் ஒதுக்குங்கள். 272 படிகள். 2006இல் நிறுவிய முருகன் சிலை 42.7 மீட்டர். படி செங்குத்து, நிதானமாக ஏறி, குகையில் தரிசனம் செய்து, இறங்க ஒன்றரை மணி நேரம். முழங்கால் தெரியும் உடையில் பெண்களை ஏற விடுவதில்லை. அடிவாரத்தில் துணி வாடகைக்கு உண்டு. குரங்குகள் கையிலிருக்கும் பையைத்தான் குறிவைக்கும். தேங்காய், பழம், பிளாஸ்டிக் பை எதையும் வெளியே தெரியப் பிடிக்காதீர்கள். தைப்பூசத்தை ஒட்டி உங்கள் கப்பல் வந்தால் பத்துமலையை மறந்துவிடுங்கள். போய்ச் சேரலாம், திரும்ப முடியாது.

பத்துமலையும் இரட்டைக் கோபுரமும் ஒரே நாளில் வேண்டுமென்றால் கப்பல் குறைந்தது பத்து மணி நேரம் நிற்க வேண்டும். ஏழெட்டு மணி நேரம்தான் என்றால் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பலரும் யோசிக்காத மூன்றாவது வழி ஒன்று உண்டு. கோலாலம்பூர் பக்கமே போகாமல் கிள்ளான் ஊருக்குப் போவது. முனையத்திலிருந்து அரை மணி நேரம் சொச்சம். தெங்கு கிளானா சாலையில் இருக்கும் லிட்டில் இந்தியா, மலேசியாவின் பெரிய தமிழ்க் கடைத்தெருக்களில் ஒன்று. ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயிலும் இந்த ஊரில்தான். காலை பத்தரைக்குப் போய் கோயில், வாழையிலைச் சாப்பாடு, கடைத்தெரு எல்லாம் முடித்து இரண்டு மணிக்குத் திரும்பிவிடலாம். பெரியவர்களோடு போகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் பரிந்துரைப்போம்.

கிராப் செயலியை ஊரிலேயே தரவிறக்கி, ஓடிபி வாங்கி, அட்டையை இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே செயலி மூன்று நாட்டிலும் ஓடும். காலையில் முனையத்திலிருந்து கிளம்பக் கார் கிடைக்கும். மாலையில் முனையத்துக்குத் திரும்பும் சவாரியை ஓட்டுநர்கள் ஏற்கத் தயங்குவார்கள், ஏனென்றால் அங்கிருந்து வெறும் வண்டியாகத் திரும்ப வேண்டும். காலையில் வந்த ஓட்டுநரிடமே திரும்பும் சவாரியையும் பேசிவிடுவது உத்தமம்.

பூக்கெட்: படகுதான் உங்கள் கடிகாரம்

டெண்டருக்குக் காலையிலேயே எண் போட்ட சீட்டு கொடுப்பார்கள், ஏதாவது ஒரு அரங்கிலோ வரவேற்புக் கூடத்திலோ. குடும்பத்தில் ஒருவர் போய் எல்லோருடைய கேபின் அட்டையையும் காட்டி வாங்கலாமா என்று முந்தின இரவே கேளுங்கள். கப்பல் சுற்றுலா எடுத்தவர்களை முதலில் இறக்குவார்கள். மற்றவர்களுக்கு முதல் ஒன்றரை மணி நேரம் நெரிசல். அவசரமில்லாதவர்கள் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்கு மேல் போனால் நிற்காமல் ஏறலாம்.

படகுக்கும் கப்பலுக்கும் நடுவே உள்ள மேடை ஏறி இறங்கும். பணியாளர் உங்கள் முழங்கைக்குக் கீழே இறுகப் பிடிப்பார். நீங்களும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் சொன்ன கணத்தில் ஒரே அடியாக வையுங்கள். பாதி வைத்துத் தயங்கும்போதுதான் கால் சிக்குகிறது. இரண்டு கையும் காலியாக இருக்கட்டும், பை முதுகில். வார் வைத்த செருப்பு போடுங்கள். தானாக எழுந்து நாலடி வைக்க முடியாதவர்களைப் பல கப்பல்கள் டெண்டரில் ஏற்றுவதில்லை.

இங்கே ஆல் அபோர்ட் நேரத்தைவிடக் கடைசிப் படகு நேரம்தான் முக்கியம். கடைசிப் படகுக்கு எல்லோரும் வந்து நிற்பதால், அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகத் திரும்புங்கள்.

கரையில் ஆறு மணி நேரம் கிடைத்தால் பாத்தோங் கடற்கரையோடு பூக்கெட் பழைய நகரம், அல்லது சலோங் புத்தர் கோயிலோடு பழைய நகரம் போகலாம். பழைய நகரம் மலைப்பாதை தாண்டி 15 கிலோமீட்டர். தலாங் சாலையின் பழைய கடைவீடுகள் பினாங்கை நினைவூட்டும். மாலை நான்கு மணிக்கு மேல் அந்த மலைப்பாதை அடைத்துக்கொள்ளும். பீ பீ தீவுக்குச் சொந்தமாகப் போகாதீர்கள். அங்கே போகும் படகுத்துறை பூக்கெட்டின் கிழக்குப் பக்கம். கார், விசைப்படகு, மறுபடி கார், கடைசியில் டெண்டர் என்று நான்கு கண்ணிகள். ஒன்று அறுந்தாலும் கப்பல் போய்விடும். பீ பீ தீவுகளின் புகழ்பெற்ற கடற்கரையான மாயா பே வேறு ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடியிருக்கும்.

சிவப்புக் கொடி பறக்கும் நாளில் கடலில் இறங்க வேண்டாம், முழங்கால் ஆழத்துக்குக்கூட. பருவக்காற்று மாதங்களில் உள்ளிழுக்கும் நீரோட்டம் நீச்சல் தெரிந்தவர்களையும் கொண்டுபோகிறது. ஜெட் ஸ்கி எடுத்தால் ஏறும் முன் நான்கு பக்கமும் அடிப்பாகமும் வீடியோ எடுங்கள். பழைய கீறலுக்கு உங்களிடம் பணம் கேட்பது அங்கே நடக்கும். பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள்.

தாமதமாகிவிட்டால்

நாள்தாளின் அடியில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் அச்சிட்டிருக்கும். இறங்கும் முன் அதையும் படம் எடுங்கள். தாமதமாகும் என்று தெரிந்த நிமிடமே அழைத்துப் பெயர், கேபின் எண், எத்தனை பேர், எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். ஐந்து பத்து நிமிடத் தாமதத்துக்குச் சில சமயம் பலன் கிடைக்கும். கப்பல் போய்விட்டால் உங்கள் பாஸ்போர்ட்டைக் கேபின் பெட்டகத்திலிருந்து எடுத்து முகவரிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். பாஸ்போர்ட் கப்பலிலேயே இருந்தால் அவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அடுத்த துறைமுகத்துக்குப் போகும் செலவு முழுக்க உங்களுடையது. இதனால்தான் கரைப்பையில் எப்போதும் இவை இருக்க வேண்டும்: கேபின் அட்டை, பாஸ்போர்ட் நகல் (அசல் வேண்டும் என்று கப்பல் சொன்னால் அசல்), ஒரு கிரெடிட் கார்டு, உள்ளூர் நாணயத்தில் சில்லறை நோட்டுகள், இரண்டு நாளைக்கான மாத்திரை, பவர் பேங்க், குடை. கப்பலிலிருந்து பழமும் சமைத்த சாப்பாடும் கரைக்கு எடுத்துப்போகாதீர்கள்.

அடுத்துப் போகிறவர்களுக்குச் சொல்லும்போது

பயணம் முடிந்து சொந்தக்காரர்களுக்கோ நண்பர்களுக்கோ அனுபவத்தைச் சொல்வோம். 'சூப்பர்', 'வேஸ்ட்' இரண்டாலும் கேட்பவருக்கு ஒரு பயனும் இல்லை. அவருக்கு வேண்டியது எண்கள். அன்றிரவே, மறக்கும் முன், துறைமுகத்துக்கு ஐந்து வரி எழுதி வையுங்கள்: கதவு உண்மையில் எத்தனை மணிக்குத் திறந்தது, கரையில் கால் வைத்தது எப்போது, போகவும் வரவும் எத்தனை நிமிடம், கட்டணம் எவ்வளவு, வயதானவர் எங்கே திணறினார். மாதமும் கிழமையும் கட்டாயம் குறியுங்கள். செவ்வாய்க்கிழமை காலியாக இருந்த மலை ரயில் ஞாயிற்றுக்கிழமை அப்படி இருக்காது.

இப்படி ஒரு குறிப்பு இருந்தால் போதும்: 'பினாங்கு, பிப்ரவரி, புதன். கப்பல் 9:00, கதவு 9:40, வாசலுக்கு வெளியே 10:05. மாரியம்மன் கோயிலுக்கு நடை 14 நிமிடம், அம்மாவோடு 22. கோயில் திறந்திருந்தது. ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் உட்கார இடம் இல்லை, கூ கொங்சிக்குள் உண்டு. சியூ ஜெட்டியிலிருந்து துறைக்கு வெயிலில் நடக்க முடியவில்லை, கிராப் ஏழு நிமிடத்தில் வந்தது. 3:50க்குத் துறை, வரிசை 15 நிமிடம்.'